இருபத்தொரு மணித்தியாலம், பிறகு வான்

புங்குடுதீவில் பிரேதம் எடுக்கிற நேரத்தை ஐயர் தனியே குறித்துக் கொடுத்த காலம் போய்க் கனகாலம். இப்போது ஐயருக்கு முதல் ஆகாயத்தைக் கேட்கவேண்டும். கொள்ளி வைக்கவேண்டிய மகன் சூரிச்சில் இருப்பான், ரொறொன்ரோவில் இருப்பான், மெல்பேர்னில் இருப்பான். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது ஊர்முறை. ஒரே மகன் என்றால் இரண்டும் அவன் தலையில்தான். அவன் எந்தக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தால்தான் இங்கே பறைக்காரருக்குச் சொல்லலாம், பந்தலுக்குச் சொல்லலாம், விறகுக்குச் சொல்லலாம்.

அந்தக் கேள்விக்கு ஊர் போய் நிற்கிற இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே நயினாதீவுப் படகு வந்து சேர்கிற வாயில், தகரக் கூரை போட்ட சின்னப் பெட்டிக்கடை மாதிரி ஒரு அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கொப்பி, தியாகலிங்கம். முப்பத்திரண்டு வருசமாக அரச பஸ்ஸுக்கு ரைம்கீப்பர். யாழ்ப்பாணத்துக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எது பிந்தியது, ஏன் பிந்தியது என்று எழுதுவதுதான் வேலை. சின்னஞ்சிறிசிலிருந்து கிழடுவரை எல்லாருக்கும் அவர் லிங்கண்ணை.

இந்த நாளில் பெடியளின் போனில் பிளேன் ஊருவது தெரிகிறது. மஞ்சளாய் ஒரு குருவி, கருங்கடலுக்கு மேலே, காஸ்பியனுக்கு மேலே. என்றாலும் செத்தவீட்டுக்காரர் லிங்கண்ணையிடம்தான் வருவார்கள். ஏனென்றால் பறக்கிற நேரத்தோடு அவர் நிறுத்தமாட்டார். நடுவழியில் அடுத்த பிளேனுக்குக் காத்திருக்கிற நேரம், கட்டுநாயக்காவில் பெட்டி எடுக்கிற நேரம், வான்காரன் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்கிற நேரம், பண்ணையில் பாலத்தில் ஏறி மடத்துவெளிக்கு வந்து சேர்கிற நேரம், கடைசியாய் மகன் கிணற்றடியில் இரண்டு வாளி அள்ளி ஊற்றி வேட்டி மாற்றுகிற நேரம். எல்லாம் கூட்டித்தான் ஒரு மணி சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான்.

ஒரே ஒரு தரம் பிழைத்தது. அது பிழைத்ததென்று எட்டு வருசமாக அவருக்கு மட்டுந்தான் தெரியும்.

அந்த எட்டு வருசமும், பின்னேரம் இரண்டு நாற்பதுக்கு, எங்கே நின்றாலும் அவர் காதில் ஒரு வான் கல்லுரோட்டிலிருந்து மணல் ஒழுங்கைக்குள் திரும்பும். சில்லுக்குக் கீழே கல் நொறுங்கும். பிறகு மணலில் சத்தம் அப்படியே அமுங்கிப்போகும். படகு இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றாலும் கேட்கும். கண்டக்டர் மிதுஷன் ரிக்கெற் புத்தகத்தோடு எதிரே நின்று கதைத்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். "என்ன லிங்கண்ணை, பின்னால ஆரைப் பாக்கிறியள்?" என்பான் மிதுஷன். "ஒருத்தருமில்லை" என்பார். உண்மையும் அதுதான். ஒருத்தரும் வந்திருக்கமாட்டார்கள்.

இறுப்பிட்டி மார்க்கண்டர் செத்தது எட்டு வருசத்துக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே மகன் துஷ்யந்தன் ரொறொன்ரோவில். தகப்பனும் மகனும் பதினாறு வருசமாகக் கதையில்லை. மகன் தன் விருப்பத்துக்கு ஒருத்தியைக் கட்டியதில் தொடங்கி, பிறகு இரண்டு பேருக்கும் தொடக்கம் மறந்து, கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது. தாய் நாகமுத்துவோடு மட்டும் கதைப்பான். சாவைச் சொன்னபோது, "அம்மா, திங்கள் இரவு பத்துக்குப் பிளேன். வாறன்" என்றானாம்.

நாகமுத்து அழுதழுது இதைத் தியாகலிங்கத்திடம் சொன்னா. அவர் செத்தவீட்டுச் சந்தடிக்குள் சிகரெற் பெட்டி மட்டையொன்றைக் கிழித்து அதில் எழுதினார். திங்கள் இரவு பத்து. டோஹாவுக்குப் பதின்மூன்று மணித்தியாலம். அங்கே மூன்று. கொழும்புக்கு ஐந்து. ஆக இருபத்தொன்று. செவ்வாய் பின்னேரம் ஏழுக்கு இறங்குவான். வானும் மற்றதுகளும் பத்து. புதன் விடிய ஐந்துக்கு வீட்டு வாசலில் நிற்பான்.

"புதன் மத்தியானம் எடுப்பம். ஆறுதலா எடுக்கலாம்" என்றார்.

புதன் ஐந்தாயிற்று, வரவில்லை. ஏழாயிற்று. பத்தாயிற்று. அவனுடைய கனடா நம்பருக்கு எடுத்தால் அடிக்கவேயில்லை. பந்தலுக்குள் முதலில் ஒருத்தர் மெதுவாய்ச் சொன்னார், பிறகு இரண்டு பேர் சத்தமாய்ச் சொன்னார்கள்: அவன் ஏறியிருக்கமாட்டான், உயிரோடு இருக்கேக்கையே பாக்காதவன். ஐயர் தியாகலிங்கத்தைப் பார்த்தார். "நேற்றுப் பின்னேரமே இறங்கியிருக்கவேணும்" என்றார் தியாகலிங்கம். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாயிருந்தது. பன்னிரண்டேகாலுக்குப் பாடை எழும்பியது. நாகமுத்துவின் செத்துப்போன தங்கச்சியின் மகன் நிலக்ஷன், இருபத்திரண்டு வயசுப் பெடியன், தலையை மழித்துக்கொண்டு கொள்ளி வைத்தான்.

சுடலையால் வந்து எல்லாரும் தோய்ந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம், இரண்டு நாற்பது, வான் வந்து ஒழுங்கைக்குள் திரும்பியது. துஷ்யந்தன் இறங்கினான். காலில் சப்பாத்து, கையில் ஒரு பை. கழுவி விட்ட முற்றத்தைப் பார்த்தான். பந்தலின் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தான். நிலக்ஷனின் மொட்டந்தலையைப் பார்த்தான். "எத்தினை மணிக்கு எடுத்தது?" என்று கேட்டான். பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே சுடலைக்கு நடந்தான். மூன்றாம் நாள் திரும்பிப் போய்விட்டான்.

அன்றிரவு நாகமுத்து அலுமாரிக்குள்ளிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு தியாகலிங்கத்திடம் வந்தா. துணிகளுக்குள் கிடந்த போன், அந்தக் கூத்துக்குள் யார் அதைத் தேடினது. "தம்பி, இதில ஏதோ நம்பர் விழுந்து கிடக்கு. நேரத்தை வாசி பாப்பம்." வான்காரனின் நம்பர். மூன்று தரம் எடுத்திருந்தது. அவர் வாசித்தார். விடிய ஐந்து பத்து. ஒன்பதரை. ஒரு மணி ஐந்து.

விடிய ஐந்து பத்துக்குத்தான் கட்டுநாயக்காவில் இறங்கி வெளியில் வந்திருக்கிறான். வாசிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. திங்கள் இரவு பத்து என்று அவன் சொன்னது ரொறொன்ரோவின் இரவு பத்து. இங்கே அப்போது செவ்வாய்க் காலமை ஏழரை. ஒன்பதரை மணித்தியாலத்தை அவர் கூட்டவில்லை. குறிகட்டுவானில் வெளிக்கிடுகிற பஸ்ஸுக்கும் யாழ்ப்பாணத்தில் போய் நிற்கிற பஸ்ஸுக்கும் ஒரே மணிக்கூடு. அந்தப் பழக்கத்தில் கை எழுதிப்போட்டது. ஒரு மணி ஐந்துக்கு நெருப்பு வைத்துக் கொஞ்சநேரந்தான்.

"என்ன நேரம், தம்பி?" என்று நாகமுத்து திரும்பவும் கேட்டா.

"வழியில வான் பிந்தியிருக்கு, அக்கா" என்றார்.

அந்த ஒரு சொல் ஊர்க்கதையாயிற்று. துஷ்யந்தன் பிந்தி வந்தவன் ஆனான். ரொறொன்ரோவில் அது வேறு விதமாய் முளைத்தது: தனக்காகக் காத்திருக்காமல் வேண்டுமென்றே எரித்தார்கள், காணியில் கண்வைத்து நிலக்ஷன் கொள்ளியைப் பறித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு கதைப்பான், வரச்சொன்னால் வரமாட்டான். "நான் வர முதல் எரிக்கிற ஊருக்கு நான் ஏன் வாறது?" என்பானாம்.

நாகமுத்துவோ ஒவ்வொரு கிழமையும் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போகிற சாட்டில் ரைம்கீப்பர் அறைக்கு வருவா. பஸ் வருமட்டும் வாங்கில் இருந்து கேட்பா.

"தம்பி, கனடா எவ்வளவு தூரம்?"

"பதினாலாயிரம் கிலோமீற்றர் சொச்சம், அக்கா."

"எத்தினை மணித்தியாலம்?"

"இருபத்தொரு மணித்தியாலம். பிறகு வான்."

"அவ்வளவுதானோ?" என்பா. மரியாதையாய், பிள்ளை பாடம் கேட்கிற மாதிரி. கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிற அவருடைய பேனை அந்த இடத்தில் நிற்கும். தெரிந்துதான் கேட்கிறாவோ? எட்டு வருசமாக அவரால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை, வெத்திலை மென்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பா.

இந்த ஆவணியில், ஒரு புதன்கிழமை விடியற்புறம், நாகமுத்து நித்திரையிலேயே போய்விட்டா.

தியாகலிங்கம் போனபோது எட்டரை மணி. நிலக்ஷனின் தமக்கை நிலாந்தினி, கடைசிவரை பெரியம்மாவைப் பார்த்தவள், கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"அண்ணைக்குச் சொல்லிட்டன், லிங்கண்ணை. வரேல்லையாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நிலக்ஷனே வைக்கட்டுமாம். அவனுக்குப் பழக்கந்தானே எண்டார்."

நிலக்ஷன் பந்தல்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அதைத் தொப்பென்று போட்டான். "கேட்டியளோ? பழக்கமாம். நான் என்ன கொள்ளி வைக்கிறதுக்குச் சம்பளத்துக்கு நிக்கிறனோ?"

"சும்மா இரடா."

"எட்டு வருசமாச் சும்மாதானே அக்கா இருக்கிறன். சந்தைக்குப் போனால் கொள்ளிக்காரன். கல்யாணம் பேசிவந்த இடத்திலயும் கேட்டவை, உந்தக் காணிப் பிரச்சினை என்ன மாதிரியெண்டு." பிறகு தியாகலிங்கத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "அண்ணை, இனி ஆருக்கு வைச்சிருக்கிறது? நாளைக்குப் பத்துக்கு எடுப்பம். நீங்கள் ஐயரோட கதையுங்கோ."

உள்ளே நாகமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. வாய் லேசாய்த் திறந்திருந்தது, என்னவோ கேட்க வெளிக்கிட்டு நடுவில் விட்ட மாதிரி. தியாகலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிசியையும் மகன் இல்லாமல் அனுப்பினால், இனி இரண்டு நாற்பது மட்டுமில்லை, நாளின் ஒரு மணியும் தனக்கு மிச்சமிராது என்று அவருக்குப் பட்டது.

வெளியே வந்தார். "பிள்ளை, அவனுக்கு ஒருக்கா எடு."

"அங்க இரவு பதினொண்டு தாண்டிட்டுது, அண்ணை."

"தெரியும்," என்றார். "இப்ப தெரியும். எடு."

நிலாந்தினி வட்சப்பில் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைப் போட்டு நீட்டினாள். அவளுக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. தமையனை மனம்மாற்றப் போகிறார் என்று நினைத்தாள். முற்றத்தில் ஒரு பத்துப்பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தியாகலிங்கம் தள்ளிப்போய்க் கதைத்திருக்கலாம். போகவில்லை.

"தம்பி, நான் லிங்கம்."

"சொல்லுங்கோ."

"அப்புவின்ர செத்தவீட்டுக்கு நீர் பிந்தி வரேல்லை. சரியான நேரத்துக்குத்தான் வந்தனீர். நான்தான் கணக்குப் பிழைச்சனான். அங்கத்தைப் பத்தை இங்கத்தைப் பத்தெண்டு எழுதிப்போட்டன். விடிய அஞ்சுக்கு நீர் வருவீர் எண்டு சொன்னது நான். மத்தியானமும் வராததால எடுத்தவை. நிலக்ஷன் ஒண்டையும் பறிக்கேல்லை. அந்தப் பெடியனைப் பிடிச்சு இருத்தித்தான் தலை வழிச்சது."

போனில் எங்கோ ஒரு குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப நீர் வந்தால் வைச்சிருப்பினம். வைச்சிருக்கப் பண்ணுவன்."

தொடர்பு அறுந்தது. அவன் வைத்தானா, தானாய் விழுந்ததா தெரியாது.

முற்றத்தில் நிலக்ஷன்தான் முதலில் அசைந்தான். கிட்ட வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து யாரோ அவன் தோளைப் பிடித்தார்கள்.

"ஏன் அண்ணை இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை, தம்பி." சொன்ன கையோடு அந்தச் சொல் அவருக்கே கூசியது.

"பெரியம்மா கேட்டவ," என்றான் நிலக்ஷன். "கிழமைக்குக் கிழமை உங்களிட்டை வந்து கேட்டவ. நான்தானே மோட்டச்சைக்கிளில கொண்டந்து இறக்கிறனான்."

பந்தல் நிழலில் நின்ற வயதான ஒருத்தர் காறித் துப்பினார். யாரைப் பார்த்தென்று சொல்லமுடியாது.

ஐயர் வந்து, வெள்ளி பொழுதுபடுவதற்கு முதல் எடுத்துவிடவேண்டும், சனிக்குப் போகக்கூடாது என்றார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் எம்பாம் பண்ணிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். மகன் ஏறினானா இல்லையா என்று தெரியாமல் புதன் போனது, வியாழன் பகல் போனது. எடுத்தால் போன் அடிக்கவில்லை. போன முறையும் அடிக்கவில்லை என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தியாகலிங்கம் லீவு போட்டுவிட்டுப் பெட்டியின் கால்மாட்டில் கதிரை போட்டு இருந்தார். வருகிற சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நேரம் கேட்க யாரும் வரவில்லை.

வியாழன் விளக்கு வைத்து, சனம் வெளியே பாய் விரித்துக் காட்ஸ் விளையாடத் தொடங்கியிருந்தது. எட்டு நாற்பது. நிலாந்தினியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு நேரே வந்து அவரிடம் நீட்டினாள்.

"உங்களிட்டைக் குடுக்கட்டாம்."

"லிங்கண்ணை." பின்னால் பெரிய மண்டபத்தின் இரைச்சல். "டோஹாவில நிக்கிறன். எண்ணுங்கோ."

"என்ன தம்பி?"

"நான் எப்ப வருவன் எண்டு எண்ணுங்கோ. உங்கட வாயால கேக்கவேணும்."

காட்ஸ் விளையாடினவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். தியாகலிங்கம் எழும்பி நின்றார். ஐம்பத்தெட்டு வயசில், பள்ளிக்கூடத்தில் வாங்கில் ஏறி நிற்கிற பிள்ளை மாதிரி எண்ணத் தொடங்கினார்.

"இப்ப இங்க எட்டு நாப்பது. அங்க ஆறு பத்து. பதினொன்றரைக்கு, எங்கட பதினொன்றரைக்கு, ஏறுவீர். அஞ்சு மணித்தியாலம். விடிய நாலரைக்கு இறங்குவீர். பெட்டி எடுத்து வெளியில வர அஞ்சரை. வான் ஒன்பது மணித்தியாலம்." விரலை மடக்கிக் கூட்டினார். "நாளைக்குப் பின்னேரம் ரெண்டரை. ரெண்டு நாப்பதெண்டு வைப்பம்."

"அண்டைக்கு வந்த அதே நேரம்," என்றான் துஷ்யந்தன்.

"ஓம்."

"சரி," என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சுண்ணம் இடித்துக் கிரியை முடிய ஒரு மணி. பறை ஓய்ந்தது. இரண்டு நாற்பதுக்குத் தியாகலிங்கம் வாசல் படலையில் நின்றார். காதுக்குள் வான் வந்து திரும்பியது, கல் நொறுங்கியது, மணலில் அமுங்கியது. ஒழுங்கையில் ஒரு ஆடு மட்டும் நின்றது. எட்டு வருசத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் வந்த நேரத்தில் உண்மையிலேயே வான் வரவேண்டியிருந்தது. வரவில்லை.

மூன்று. மூன்றரை. ஐயர் தர்ப்பையை மடியில் வைத்தபடி மேற்கைப் பார்த்தார். "தியாகலிங்கம், பொழுது நிக்காது."

"நிக்காது, ஐயா. ஆனா பெட்டி எழும்பாது. நான் படலையை விட்டு விலகினால்தானே."

"என்ன அண்ணை விசர்க்கதை," என்று யாரோ தொடங்க, நிலக்ஷன் வந்து பேசாமல் அவருக்குப் பக்கத்தில், மற்றப் படலைக்காலோடு சாய்ந்துகொண்டு நின்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு பத்துக்கு வான் வந்தது. மாங்குளத்தில் சில்லுக் காற்றுப் போனதாம். துஷ்யந்தன் இறங்கினான். முன்மண்டை வழித்தது போல் இருந்தது, வயசு ஐம்பதை நெருங்கிவிட்டது. அதே மாதிரி முற்றத்தைப் பார்த்தான். பந்தலின் நடுவில் பெட்டி இருந்தது. அதைக் கண்டதும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். நிலாந்தினி குழறிக்கொண்டு ஓடிவந்தாள். நிலக்ஷன் ஒரு புது வேட்டியை நீட்டினான்.

"அண்ணை, கிணத்தடியில தண்ணி அள்ளி வைச்சிருக்கு."

துஷ்யந்தன் வேட்டியை வாங்கினான். வாங்கின கையால் நிலக்ஷனின் தலையை, அடர்ந்து வளர்ந்திருந்த மயிரை, ஒருக்கால் தடவினான். பிறகு குளிக்கப் போனான். பொழுது கடலில் விழுந்துகொண்டிருக்கும்போது தாய்க்குக் கொள்ளி வைத்தான்.

அடுத்த நாள் காடாத்தி, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். திங்கள் காலமை, தியாகலிங்கம் வேலைக்கு வந்து கொப்பியை விரித்துக்கொண்டிருக்கும்போது வான் இறங்குதுறைக்கு வந்து நின்றது. துஷ்யந்தன் மட்டும் இறங்கி அறை வாசலுக்கு வந்தான். இத்தனை நாளும் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

அவர் எழும்பினார். பழக்கதோசத்தில் வாய் முந்தியது. "எத்தினைக்குத் தம்பி பிளேன்?"

"அதை நீங்கள் கேக்கவேண்டாம்."

"சரி."

நயினாதீவுப் படகு சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது. துஷ்யந்தன் அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டான். "அப்புவைக் கொண்டுபோகேக்கை நீங்களும் நடந்தனீங்களோ?"

"ஓம்."

"ஆரும் திரும்பி ரோட்டைப் பாத்தவையோ? வாறனோ எண்டு?"

தான் பார்த்ததாகச் சொல்லலாம். எட்டு வருசம் கழித்து யார் சாட்சி. தியாகலிங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை. நானும் பாக்கேல்லை. கணக்குப் பிழைச்சது உண்மைதான். ஆனா கணக்கால மட்டும் எடுக்கேல்லை, தம்பி. நீர் வரமாட்டீர் எண்டு நானும் நினைச்சனான். அதாலதான் திரும்ப ஒருக்கா எண்ணிப் பாக்கேல்லை."

துஷ்யந்தன் தலையாட்டினான். கோபமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

"இதைத்தான் கேக்க வந்தனான்," என்றான். வானில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"லிங்கண்ணை, ஒன்பதேகால் தாண்டிட்டுது," என்று மிதுஷன் பஸ் மிதிபலகையில் நின்று கூப்பிட்டான். படகால் வந்த சனமும் சத்தம் போட்டது. ஆசுப்பத்திரிக்குப் போக இருந்த ஒரு மனிசி, "என்ன ரைம்கீப்பர், நித்திரையோ?" என்றா. அவர் வெளியே வந்து ரோட்டில் நின்றார். வான் சின்னதாகி, வெயிலில் நெளிந்து, மடத்துவெளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது இருந்த இடம் வெறும் ரோடாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் பஸ்ஸை விட்டார்.